கூடுவாஞ்சேரியில் எண்ணெய் காயும்

நேற்று சாயங்காலம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் நிற்கிறார். ஒரு காகிதப் பையை என் கையில் கொடுத்தார். "இது எங்கிருந்து..." என்று நான் இழுப்பதற்குள் மாடிப்படியில் பாதி இறங்கிவிட்டார். பைக்குள் அட்டைப் பெட்டி, பெட்டிக்குள் பருப்பைத் திணித்து எண்ணெயில் பொரித்த நாலு கச்சோரி. ஆபீசில் உட்கார்ந்தபடியே என் மகன் ஃபோனில் தட்டி அனுப்பியிருக்கிறான். "அப்பா, நீ அடிக்கடி பீத்திக்குவியே, அந்த ஐட்டம்தான். சாப்பிட்டுப் பாரு" என்று கூடவே ஒரு செய்தி.

பெட்டியைத் திறந்ததும் பெருங்காயமும் வறுத்த பருப்பும் கலந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், நான் சேலையூர் வீட்டுக் கூடத்தில் இல்லை. ஜான்சி ரயில் நிலையத்துக்கு வெளியே, தொன்னையைக் கையில் ஏந்திக்கொண்டு, உருளைக்கிழங்குக் குழம்பு சட்டையில் வடிவது தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ஜான்சியில் நான் அதிக நேரம் நிற்கவில்லை. மனசு நேரே ஒரு மீட்டர் கேஜ் லோக்கல் ரயிலுக்குள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தேவசகாயம் அண்ணனுக்கு எதிரில் போய் உட்கார்ந்துவிட்டது.

எண்பதுகளின் பின்பாதி அது. மறைமலை நகரில் லாரிகளுக்கு பிரேக் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. விசிட்டிங் கார்டில் 'சர்வீஸ் இன்ஜினியர்' என்று போட்டிருக்கும். அந்தக் கார்டை சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் வாங்காதவர் கிடையாது. எங்கள் அம்மா பால்காரருக்குக்கூட ஒன்று கொடுத்தாள். வேலை என்னவோ, ஊர் ஊராகப் போய் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "கோளாறு எங்கள் சாமானில் இல்லை, உங்கள் டிரைவரின் காலில் இருக்கிறது" என்று எனக்குத் தெரியாத மொழியில் நிரூபிப்பதுதான்.

என் இந்தி மூன்று சொற்களில் அடங்கும். கரம், தோடா, பஸ். சூடாக, கொஞ்சம், போதும். லாரி விஷயத்தில் இவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் லாட்ஜை விட்டு இறங்கி, தெருமுனைத் தள்ளுவண்டியின் முன்னால் நிற்கும்போது, அந்த மூன்றைத் தாண்டி நாலாவது சொல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. அதிலும் 'பஸ்' என்ற சொல்லை நான் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அம்மா ஒவ்வொரு டூருக்கும் வாழையிலையில் புளிசாதம் கட்டிக் கொடுத்து, "வெளியில எதையும் வாயில வைக்காதடா, உனக்கு வயிறு ஆகாது" என்பாள். அம்மா சொன்னதில் பாதி சரி. எனக்கு வயிறு ஆகாது. விஜயவாடா தாண்டுவதற்குள் புளிசாதம் எதிர் சீட்டுக்காரர்களின் வயிற்றுக்குப் போய்விடும். வட இந்தியாவுக்குப் போகும் ராணுவத்தாரில் எத்தனை பேர் எங்கள் அம்மாவின் புளிசாதத்தைத் தின்றுவிட்டு எல்லையைக் காத்தார்களோ, அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை.

தேவசகாயம் அண்ணன் எங்கள் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். பெருங்களத்தூர்க்காரர், அந்த ஊர் நகரத்தோடு ஒட்டிக்கொள்வதற்கு முந்தைய காலத்துப் பெருங்களத்தூர்க்காரர். கறுத்து, உயர்ந்து, மீசையைச் சதா தடவிக்கொண்டிருப்பார். சாயங்காலம் மறைமலை நகரில் நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் ஏறுவோம். அவர் பெருங்களத்தூரில் இறங்கிக்கொள்வார், நான் தாம்பரம். டூர் முடிந்து நான் வேலைக்கு வந்த முதல் நாள் சாயங்காலம், உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஒரே கேள்விதான்.

"இன்னாபா இன்ஜினீரு, இந்த தபா இன்னா துன்ன?"

எந்த ஊர், என்ன வேலை, முடிந்ததா என்று கேட்க மாட்டார். மேனேஜருக்கு நான் எழுதிக் கொடுத்த டூர் ரிப்போர்ட் அரைப் பக்கம் தாண்டாது. தேவா அண்ணனுக்குச் சொன்ன ரிப்போர்ட் ஏழு ஸ்டேஷன் நீளும்.

ஏழு ஸ்டேஷன் என்று சும்மா சொல்லவில்லை. பண்டம் அவர் வாயில் விழுவதற்கும் பெருங்களத்தூர் வருவதற்கும் சரியாக இருக்க வேண்டும். ஒருமுறை கான்பூர் கதையை வண்டலூரிலேயே முடித்துவிட்டு நான் சும்மா வந்தேன். மனிதர் கோபித்துக்கொண்டு மறுநாள் வேறு பெட்டியில் ஏறிவிட்டார். அதற்கப்புறம் ஒரு ஒழுங்கு ஏற்பட்டுவிட்டது. மறைமலை நகரில் நான் லாட்ஜை விட்டு இறங்குவேன். காட்டாங்கொளத்தூரில் தள்ளுவண்டி கண்ணில் படும். பொத்தேரியில் கடைக்காரனின் முகம், பனியன், அவன் வண்டியில் தொங்கும் விளக்கு. பொத்தேரியில் அப்போது இறங்க ஆள் கிடையாது. வெளியே ஒரே இருட்டு. கடைக்காரனை வர்ணிக்கத் தோதான இடம். கூடுவாஞ்சேரியில் எண்ணெய் காயும். அங்கே ரயில் ஏதாவது ஒரு சாக்கில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிடும் என்பதால் எண்ணெயை அங்கே வைத்தேன். ஊரப்பாக்கத்தில் சட்டியில் விழும். வண்டலூரில் இலைக்கு வரும். வண்டலூர் தாண்டினால் வாய்.

எண்ணெய் விஷயத்தில் அண்ணன் கறார். கல்கத்தாவில் பொரியைத் தகர டப்பாவில் போட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ச் சில்லோடு கடுகெண்ணெயைப் பச்சையாக விட்டுக் குலுக்கித் தருவார்கள். அந்தக் கதை சொன்ன அன்று கூடுவாஞ்சேரி வந்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இருப்பா இரு. எண்ண காயவே இல்லியே?"

"இதுக்கு எண்ணெய் காய வேணாம்ணா. பச்சையாவே ஊத்துவாங்க."

"பச்சையா? தலைக்குத் தடவுற மாரியா?"

அதே பெட்டியில் கூடையோடு ஏறும் கொய்யாப்பழக்காரி ஒருத்தி உண்டு. கதை நடக்கும்போது அவள் வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கீழே உட்கார்ந்துவிடுவாள். அவள் முகத்தைச் சுளித்தாள். "அய்ய, கடுகெண்ணயா? வண்டி மாட்டுக்குப் புண்ணு வந்தா போடுவாங்களே, அதா? இதைத் துன்றதுக்கா ரெண்டு நாளு ரயில்ல போன?"

அண்ணனும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். "நமக்குக் கூடுவாஞ்சேரியில எண்ண காஞ்சே ஆவணும். அப்பால நீ இன்னா வேணா பண்ணிக்கோ." வேறு வழியில்லாமல், அந்தப் பொரிக்காரனின் பக்கத்தில் ஒரு பக்கோடாக் கடையை அந்த இடத்திலேயே திறந்தேன். அப்படியாகக் கல்கத்தாவில் நான் பார்த்தே இராத ஒரு பக்கோடாக் கடை எங்கள் ரயிலில் நல்ல வியாபாரம் செய்தது.

வாயால் சொல்வதற்குப் பதில் கையில் கொண்டுவந்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கான்பூரில் பானிபூரியைப் பிஸ்கட் டின்னில் அடுக்கி, அதில் ஊற்றும் புதினாத் தண்ணீரைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் குப்பியில் பிடித்துக்கொண்டு ரயிலேறினேன். நாக்பூருக்கு இந்தப் பக்கம் எங்கோ, வெயிலில் புளித்துப் பொங்கிய குப்பி, மூடியைப் பிய்த்துக்கொண்டு வெடித்தது. சீட்டுக்கு அடியில் இருந்த ஒரு ராணுவப் பெட்டி முழுக்கப் புதினா. பெட்டிக்காரர் குண்டு வெடித்ததாக நினைத்துப் படுத்தே விட்டார். டின்னில் இருந்த பூரி, தாம்பரம் வந்து சேர்ந்தபோது திருநீறாக இருந்தது. அண்ணன் அதில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாத்தான் கீது" என்றார்.

"ஒருவாட்டி நீங்களே வாங்கண்ணா. நின்னு சாப்பிடுங்க" என்றேன்.

"எனுக்கு மட்டும் ஆசை இல்லியா? நேரா அங்க போயி, வண்டி பக்கத்துல நின்னுகினு, சுடச்சுட ஒண்ணு துன்னணும். ஒண்ணே ஒண்ணு துன்னா போதும். ராணி வுடணுமே!"

ராணி அவர் வீட்டு எருமை.

அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ராணி நல்ல கறவை. ஆனால் தேவா அண்ணனைத் தவிர வேறு யார் மடியில் கை வைத்தாலும் ஒரு சொட்டு இறக்காது. அவர் மனைவி ஆரோக்கியமேரி அக்கா தீனி வைப்பார், குளிப்பாட்டுவார், கொசுவுக்குப் புகை போடுவார். எல்லாவற்றையும் ராணி ஒரு பெரிய மனுஷி மாதிரி ஏற்றுக்கொள்ளும். பால் மட்டும் அண்ணனுக்குத்தான். காலை ஐந்தரைக்கும் சாயங்காலம் ரயில் இறங்கியதும் அவர் அங்கே இருந்தாக வேண்டும். ஒரு வேளை தப்பினால் மடி கட்டிக்கொள்ளும். அதனால் கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியது கிடையாது. மாமியார் வீடு செங்கல்பட்டு. அங்கேகூடப் பகலில் போய்ப் பகலில் திரும்பியவர். "அந்த வகையில ராணிக்கு நான் கடமப்பட்டிருக்கேன்" என்பார் அக்கா காதில் விழாதபடி.

அப்போதுதான் விஜயவாடாவில் ஒரு சிக்கல். எங்கள் டீலரின் கிடங்கில் பழைய மாடல் பிரேக் லைனிங்கும் புது மாடலும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஸ்டோர் கீப்பரையும் இன்ஜினியரையும் சேர்த்து அனுப்புங்கள் என்று தகவல் வந்தது. மேனேஜர் தேவா அண்ணனைக் கூப்பிட்டு, "ரெண்டு நாள் போயிட்டு வந்துடுங்க" என்றார். அன்றைக்கு ரயிலில் அண்ணன் என்னிடம் என்ன தின்றாய் என்று கேட்கவில்லை. வழக்கத்துக்கு மாறாக மீசையைக்கூடத் தடவாமல் உட்கார்ந்திருந்தார். ஊரப்பாக்கம் தாண்டியதும், "விஜயவாடால இன்னாபா ஸ்பெஷலு?" என்று மெல்லக் கேட்டார்.

"மிளகாய் பஜ்ஜிண்ணா. நம்ம ஊர் மாதிரி இல்ல. மிளகாயைக் கீறி, உள்ள புளியும் ஓமமும் வச்சு..."

"சொல்லாத" என்றார். "பாத்துக்கறேன்."

அந்தச் 'சொல்லாத' என்னை என்னவோ செய்துவிட்டது. நான் இன்ஜினியர் இல்லையா, ராணியை ஒரு இயந்திரமாக எண்ணி யோசிக்க ஆரம்பித்தேன். எனக்கும் அண்ணனுக்கும் ஏறக்குறைய ஒரே உயரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெருங்களத்தூர் போய், அவருடைய கட்டம் போட்ட லுங்கியையும் அழுக்குச் சட்டையையும் மாட்டிக்கொண்டு, தலையில் அவர் துண்டைக் கட்டிக்கொண்டு, பால் வாளியோடு ராணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் பின்பக்கச் சுவருக்கு அப்பால் ஒளிந்துகொண்டார். தெருவே வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தது.

ராணி திரும்பி என்னை முகர்ந்தது. சட்டையை முகர்ந்தது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அவசரமே இல்லாமல் வலது பின்னங்காலைத் தூக்கி, வாளிக்குள் வைத்து, அப்படியே நின்றது.

"தம்பி, எந்திரி" என்றார் ஆரோக்கியமேரி அக்கா. "ஒங் கையி பேனா புடிக்கிற கையி. அது கண்டுபுடிச்சிடிச்சி. அடுத்த காலை எங்க வெக்கும்னு சொல்ல முடியாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவருக்கு அப்பால் இருந்தவருக்கு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். அந்த இருமலைக் கேட்டதும் ராணி காதை உயர்த்தியது. அக்கா சட்டென்று குனிந்து மடியைத் தொட்டார். பால் இறங்கியது.

ஆக, விஷயம் சட்டையிலும் லுங்கியிலும் இல்லை, குரலில் இருக்கிறது! ஆர்க்கிமிடீஸ் குளிக்கும் தொட்டியிலிருந்து ஓடிய மாதிரி நான் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். என் அத்தான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த டேப் ரெக்கார்டர் எங்கள் வீட்டில் இருந்தது. காலியான கேசட் இல்லை. அம்மாவின் நாதஸ்வரக் கேசட் ஒன்றை, அவள் அசந்த நேரம் பார்த்து எடுத்துவந்தேன். மறுநாள் அண்ணன் பால் கறக்கும்போது ராணியோடு பேசுவதை அப்படியே பதிவு செய்தேன். "ஏ ராணி, நவுரு. இன்னாடி மொறைக்கிற? காலைத் தூக்கு. ஆங், அப்டித்தான், எங்கம்மால்ல." நடுநடுவே ஒரு முனகல், மாதா கோயிலில் பாடும் ஏதோ ஒரு பாட்டின் ராகம்.

அடுத்த நாள் ஒத்திகை. அண்ணன் அடுத்த தெருவில் நின்றார். அக்கா மடியில் கை வைக்க, நான் பட்டனை அமுக்கினேன். அண்ணன் குரல் கணீரென்று வந்தது. பால் சர் சர்ரென்று இறங்கியது. தெருவே கை தட்டியது. கம்பெனியில் எனக்கு என்றைக்குமே கிடைக்காத கைதட்டல் அது.

அண்ணன் புதுசாக ஒரு பேண்ட் தைத்துக்கொண்டார். அதுவரை அவர் வேலைக்கு வந்தது காக்கியில்தான். சென்ட்ரலில் ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கூடூர் வரை கையை எடுக்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார்.

விஜயவாடாவில் பகல் முழுக்கக் கிடங்கு. பெட்டிகளைப் பிரித்து அடுக்கி முடித்து, லாட்ஜில் முகம் கழுவிக்கொண்டு இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. எதிர்ச்சாரியிலேயே வண்டி. பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கூடுவாஞ்சேரி வந்துட்டாப்ல கீது" என்றார்.

மாவில் தோய்த்த மிளகாய்கள் சட்டியில் விழுந்தன. "ஊரப்பாக்கம்" என்றேன் நான். வாடிக்கைக்காரர்கள் இருவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். பஜ்ஜிகளை அரித்து எடுத்து, வயிற்றைப் பிளந்து, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைத் திணித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒன்றை இலையில் வைத்து அண்ணன் கையில் கொடுத்தான் வண்டிக்காரன். வண்டலூர் தாண்டிவிட்டது. அண்ணன் அதை எடுத்து ஊதினார்.

"மெட்ராஸ் ஃபோனு! மெட்ராஸ் ஃபோனு!" லாட்ஜ் மேனேஜர் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். அரைத் தமிழில், குரலைத் தாழ்த்திக்கொண்டு, அண்ணன் தோளில் கை வைத்துச் சொன்னார்: "சார், மனசு கெட்டி பண்ணிக்கோங்க. ராணி வீட்டை விட்டு ஓடிப் போயிந்தியாம். இந்தக் காலத்துப் பிள்ளைங்க அப்படித்தான் சார். பையன் யாரு, தெரிஞ்ச பையனா?"

அண்ணன் கையிலிருந்த பஜ்ஜியை இலையில் திரும்ப வைத்தார். இலையைச் சுருட்டினார். மேலே ஒரு பழைய செய்தித்தாளைச் சுற்றிப் பையில் வைத்தார். அடுத்த ரயிலைப் பிடித்துவிட்டார். கிடங்கில் மறுநாளும் வேலை இருந்ததால் நான் தங்க வேண்டியதாயிற்று. அவர் ரயிலேறியதும் நான் திரும்பிவந்து, அதே வண்டியில், சுடச்சுட, நாலு பஜ்ஜி தின்றேன். அது எப்படி இருந்தது என்று இப்போது என்னைக் கேட்டால், நாக்கு சுட்டது என்பதைத் தவிர வேறு ஒன்றும் ஞாபகம் இல்லை.

நடந்தது இதுதான். ஒத்திகையிலும், அண்ணன் கிளம்பிய மறுநாள் காலையிலும் அக்கா வேகமாகக் கறந்து முடித்துவிட்டார். அண்ணன் இல்லாத அந்தச் சாயங்காலம், ஒரு பதற்றத்தில், கை மெதுவாகத்தான் ஓடியிருக்கிறது. கேசட்டில் அண்ணன் பேச்சு தீர்ந்துவிட்டது. தீர்ந்த இடத்தில் அம்மாவின் நாதஸ்வரம் இருந்தது. அதுவும் நல்ல முகூர்த்த நேரத்து இடம். "எங்கம்மால்ல" என்று அண்ணன் கொஞ்சிய மறுகணம் கெட்டிமேளம் கொட்டியிருக்கிறது. ராணி அதற்கு முன்னால் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதுதான்.

"எங்கியோ ஏரிப் பக்கம் ஓடும்னு பாத்தா, நேரா கேட்டாண்ட போயி நின்னுச்சி தம்பி" என்று அக்கா பிற்பாடு எனக்குச் சொன்னார். பெருங்களத்தூர் லெவல் கிராசிங். அண்ணன் தினமும் ரயிலிலிருந்து இறங்கி வரும் வழி. "நடு லைன்ல நின்னுகினு தெக்கால பாத்துகினு கீது. கேட்டுக்காரன் கொடிய ஆட்றான், கத்றான். 'இன்னாமா, ஒங்க வூட்டு எரும ரயில் மறியல் பண்ணுதே, இன்னா கோரிக்கை?'ன்றான். நான் இன்னாத்த சொல்றது? எங்க வூட்டுக்காரரு விஜயவாடாக்கு பஜ்ஜி துன்னப் போயிட்டாருன்னா?"

ஊரே கூடித் தள்ளிக்கொண்டுபோய்த் தொழுவத்தில் கட்டியிருக்கிறார்கள். பால் இறங்கவில்லை. மடி கட்டிக்கொண்டு கல் மாதிரி ஆகிவிட்டது. அக்கா பங்குச் சாமியார் வீட்டுக்கு ஓடி, சாமியார் கம்பெனிக்கு ஃபோன் செய்து, கம்பெனி லாட்ஜுக்கு ட்ரங்க் கால் போட்டிருக்கிறது. இத்தனை வாயைத் தாண்டி வந்ததில் 'எருமை' என்ற ஒரு விவரம் வழியிலேயே எங்கோ இறங்கிக்கொண்டது.

அண்ணன் மறுநாள் காலை நேரே தொழுவத்துக்குள் போனார். புது பேண்டைப் பார்த்து ராணி மிரண்டு பின்வாங்கியதாம். "இன்னாடி மொறைக்கிற?" என்று கேட்டபடியே லுங்கிக்கு மாறிக்கொண்டு வந்து, வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்து, வெகுநேரம் பேசிப் பேசி இறக்கினாராம். அந்தப் பேண்டை நான் அதற்கப்புறம் பார்க்கவே இல்லை.

நான் ஊர் திரும்பி, சாயங்காலம் ரயிலில் அவருக்கு எதிரில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்தேன். கேசட் யோசனை என்னுடையது. நாதஸ்வரமும் என்னுடையது. அதற்குள் அக்கா திருப்பி அனுப்பிவிட்ட கேசட்டைப் போட்டுக் கேட்டு, வீட்டில் அம்மா வேறு, "என் நாட்டைக் குறிஞ்சிக்கு நடுவுல யாரோ ஒருத்தன் காலைத் தூக்குன்னு சொல்றானேடா" என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா..." என்று ஆரம்பித்தேன்.

"இரு" என்றார். மீசையைத் தடவிக்கொண்டார். "இன்னிக்கு நீ கேளு."

அப்போதுதான் ஆரம்பித்தது. விஜயவாடாவில் ரயில் கிளம்புகிறது. பை மடியில். பைக்குள் பஜ்ஜி. தெனாலி வந்தது, பிரிக்கவில்லை. மனசு ராணியிடம் இருக்கிறது. பைக்குள்ளிருந்து வாசனை வருகிறது. பாபட்லா வந்தது, பிரிக்கவில்லை. எதிரில் கைக்குழந்தையோடு ஒரு அம்மாள், அவள் புடவை என்ன நிறம், குழந்தை ஏன் அழுதது... எங்கள் வண்டி ஊரப்பாக்கம் வந்துவிட்டது, மனிதர் இன்னும் இலையைப் பிரிக்கவில்லை. வண்டலூர். பிரிக்கவில்லை. பெருங்களத்தூர் வந்ததும் எழுந்து நின்று, "நாளிக்கு ஓங்கோல்ல பிரிக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கொய்யாப்பழக்காரி அவர் முதுகைப் பார்த்து, "அடப்பாவி மனுசா!" என்று கத்தினாள். தாம்பரம் வரை எங்கள் இருவர் வாயிலும் எச்சில்.

மறுநாள் ஓங்கோலில் பிரித்தார். "ஆறிப் போச்சுபா. ஐஸு மாரி. மேலத் தோலு நமுத்துப் போச்சி. ஆனா மொளகா கீது பாரு! ஒரு கடிதான். காதுல பொகை வந்துச்சி. எதுத்தாப்புல அந்தம்மா கொழந்தையத் தூக்கிகினு அடுத்த சீட்டுக்குப் போயிட்டா. அப்பால அந்தப் புளிப்பு வந்துச்சி. அப்பால ஓமம். எனுக்கு அழுவாச்சி வந்துச்சி. காரத்துக்கா, ராணிக்கான்னு தெரில. அழுதுகினே துன்னேன்."

இந்தியா முழுக்கச் சுற்றி, நின்ற இடத்தில் எல்லாம் தின்ற என்னால் அப்படி ஒரு பஜ்ஜியைத் தின்ன முடிந்ததில்லை. அண்ணன் தின்றது ஒன்றே ஒன்று, அதுவும் ஆறிப்போனது. அதை அவர் பல வருடங்கள் சொன்னார். போகப் போக ரயில் மழையில் போக ஆரம்பித்தது. மிளகாய் முழங்கை நீளத்துக்கு வளர்ந்தது. ஸ்டோருக்குப் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் அவர்களுக்கு முதல் வாரத்தில் அந்தப் பஜ்ஜி உண்டு.

ராணி செத்துப் போன பிறகு இன்னொரு டூருக்கு வரச் சொல்லி அண்ணனைக் கூப்பிட்டேன். அதற்குள் ராணியின் கன்று பெரியதாகி, அம்மாவின் குணத்தையும் அப்படியே கொண்டுவந்துவிட்டது. அதுவும் போனபோது மேய்ச்சலுக்கு இருந்த இடமெல்லாம் மனையாகிவிட்டது. அண்ணனுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. எனக்கு டூர் வேலை போய் மேஜை வேலை வந்துவிட்டது. ரயில் அகலப் பாதைக்கு மாறியது. லெவல் கிராசிங் இருந்த இடத்துக்கு மேலே பாலம் போகிறது. கொய்யாப்பழக்காரி என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் பெயரை நாங்கள் கேட்டதே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நேற்று கச்சோரிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். பெருங்களத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது, குரல் மட்டும் கேசட்டில் இருந்த மாதிரியே கணீரென்று இருக்கிறது.

"அண்ணா, ஜான்சி கச்சோரி ஞாபகம் இருக்கா? வீட்டுக்கே வந்திருக்கு. உங்களுக்கு ரெண்டு எடுத்துட்டு வரட்டுமா?"

"எண்ணப் பண்டமா? எம் பொண்ணு என்னை வூட்ட வுட்டுத் தொரத்திடுவா. நீ சொல்லுபா, கேக்கறேன்." அவர் சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. "எந்த ரயிலு? எங்க எறங்கின?"

நான் வாயைத் திறந்தேன். சொல்ல ஒன்றும் இல்லை. மணி அடித்தது, கதவைத் திறந்தேன், வாங்கினேன். கடைக்காரன் முகம் தெரியாது. அவன் பனியன் தெரியாது, விளக்கு தெரியாது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டியிருந்த சீட்டில் பொத்தேரி என்று இருந்தது. அங்கே புதிதாக முளைத்த கல்லூரியின் விடுதிகள் பக்கம் இப்போது இந்தியாவின் எல்லாத் தெருக்களும் வந்து இறங்கிவிட்டன என்று என் மகன் சொல்வான்.

"ரயிலெல்லாம் இல்லண்ணா. பொத்தேரியிலேர்ந்து வந்திருக்கு."

மறுமுனையில் அவர் நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"பொத்தேரியா?" என்றார் தேவா அண்ணன். "அங்க இன்னும் எண்ணயே காயலியேபா!"